உம் கொட்ட ஒரு மைக்

காலையில் அலமாரியைத் திறந்து மைக் பெட்டியை எடுத்தேன். நீங்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் மைக்கின் கிளிப்பில் இன்னும் உங்கள் மோட்டார் கடை வார்னிஷ் வாசனை இருக்கிறது. மோட்டாருக்குக் காயில் சுற்றிய கையோடு அதைத் தொடாதீங்க என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். இன்று அதையே மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொல்லும் ஊர்க்கதைகளைப் பாட்காஸ்டாகப் போடலாம் என்று கிளப்பிவிட்டதே நீங்கள்தான். தருமபுரியில் கடைக்காரர் முதலில் மேசையில் நிறுத்துகிற பெரிய மைக்கைக் காட்டினார். அதற்கு ஸ்டாண்டு வேண்டும், எதிரொலிக்காத அறை வேண்டும் என்றதும் நமக்கு ஆகாது என்று தெரிந்துபோயிற்று. போனில் செருகுகிற காலர் மைக்கே போதும் என்று முடிவானது. "அக்கா ஒருத்தர்தானங்க பேசறாங்க, ஒத்த மைக் எடுத்துக்கங்க. மிச்சத்துக்கு நல்ல ஹெட்போன் வாங்கிடலாம்" என்றார். நியாயமான பேச்சுதான். நீங்கள் விடவில்லை. "ஜோடியா வர்றதையே குடுங்க. கதை சொன்னா உம் கொட்ட ஆள் வேணுமில்லீங்க?" கடையே சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வீட்டில் நான் என்ன சொன்னாலும் போனைப் பார்த்தபடி உம் போடுகிற மனுஷன்தானே நீங்கள். மைக்கை மாட்டிவிட்டால் மட்டும் வேறு ஆள். பயந்தால் ஒரு உம், நம்பாவிட்டால் இழுத்து ஒரு உம். இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒருமுறை பதிவிலிருந்து உம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. பேசாமல் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஏரியூர்ப் பெரியம்மாவின் ஆடு காணாமல் போன கதையைப் பாதியில் நிறுத்தினேனே, அன்று அடுப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தீர்கள். "ஆடு கெடச்சுதா இல்லியா? எனக்கு மட்டும் சொல்லு புள்ள."

"அடுத்த வாரம் எல்லாரோடயும் சேந்து கேளுங்க" என்றேன்.

அந்த வாரம் நமக்கு வரவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று கடையில் சாய்ந்தவர் திரும்ப வீட்டுக்கு வரவில்லை.

"மீதிக் கதை எங்கக்கா?" என்று பாட்காஸ்ட் கேட்பவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். நானும் பேச உட்காருகிறேன். ஒரு வரி சொல்லிவிட்டு உங்கள் உம்முக்காகக் காத்திருக்கிறேன், அப்புறம் பதிவை நிறுத்திவிடுகிறேன். நீங்கள் கேட்காத முடிவை ஊருக்குச் சொல்ல எனக்கு மனசில்லைங்க. அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலில் நீங்கள் கேளுங்கள். நாளைக்கு அவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆடு கிடைத்துவிட்டது. பென்னாகரம் பஸ்ஸில் அதுவாக ஏறிப் போயிருக்கிறது. கண்டக்டர் கடைசி டிரிப்பில் கூட்டிவந்து இறக்கிவிட்டார். பெரியம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "சொல்லாம கொள்ளாம எங்க போன நீ? நான் யாருகிட்ட பேசுவேன்?" என்று திட்டித் தீர்த்தார்.

இந்த இடத்தில் நீங்கள் உம் போடுவீர்கள். அதற்கு இடம் விட்டுத்தான் பேசப்போகிறேன்.