மரக்கறி எனக்கு, மீன் உங்களுக்கு

அண்ணன்,

இன்று கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவரின் பையிலிருந்து கொய்யாப்பழ வாசம் வந்தது. உங்கள் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. "பழம் வருத்தக்காரன் தின்னுறது" என்று வாழ்நாள் முழுக்கத் தள்ளிவைத்தவர் நீங்கள். பிறகு பார்க்க வந்தவர்கள் பழத்தோடுதான் வந்தார்கள். உங்கள் கட்டிலுக்குக் கீழே தோடம்பழங்கள் அழுகின. அதைப் பார்க்க எனக்கு வலிக்கவில்லை.

"ஐயா என்ன சாப்பிடுறீங்க? சீனியும் இல்ல, பிரஷரும் இல்ல" என்றாள் தாதி. மரக்கறி என்றேன். அதை நானாக விரும்பிப் பழகவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

பெரியகல்லாற்றில் நம் வீட்டில் கொடுவா மீனின் நடுத்துண்டு எப்போதும் உங்களுக்குத்தான். எனக்குப் பூசணியும் முருங்கையிலையும். "தோணி தள்ளுறவனுக்கு மீன் வேணும். புத்தகம் பிரட்டுறவனுக்குக் கீரை காணும்" என்பார் அம்மா. நீங்கள் முள்ளைச் சப்பிக்கொண்டே, "மேயுடா ஆட்டுக்குட்டி" என்பீர்கள். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தி வந்த அன்றும் நடுத்துண்டு உங்கள் தட்டுக்குத்தான் போனது. நான் மறக்கவில்லை.

மீன் உங்களைக் கொல்லவில்லை. குவித்த சோறும், பொரித்த எண்ணெயும், ஒரு பிடி கீரையைத் தொட்டாலும் குறைந்துபோவோம் என்ற வீம்பும்தான் கொன்றன. அம்மா உங்களைச் செல்லம் கொடுத்து அழித்தார். என்னை ஒதுக்கிவைத்துக் காப்பாற்றினார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது.

சீனி வருத்தம் முற்றி உங்கள் காலில் புண் வந்தபோது, தட்டில் பாதி மரக்கறியாக இருக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னார். மதினி எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, ஒருக்கா வந்து சொல்லுங்க. ஆர் சொல்லியும் கேக்கிறாரில்ல. இப்பிடியே போனாக் கால எடுக்கவேணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். பயற்றங்காய், பாகற்காய்ச் சம்பல், கங்குன் கீரை எல்லாம் மதினி சமைத்திருந்தார். கூடவே எனக்காக ஒரு பொரித்த மீன் துண்டு. எங்களைத் தனியே பேசவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நீங்கள் மரக்கறிக் கோப்பைகளை என் பக்கம் தள்ளினீர்கள்.

"இந்தா, உனக்குப் பழகின வாய்தானே."

பிறகு சிரிப்பில்லாமல் கேட்டீர்கள்.

"டொக்டர் சொல்லுறது மெய்தானாடா? நீ படிச்சவன். நீ சொன்னா நான் கேப்பன்."

என் தட்டிலிருந்த மீனை எடுத்து உங்கள் சோற்றின்மேல் வைத்தேன்.

"அவங்க அப்பிடித்தான் வெருட்டுவாங்க. தின்னுங்க அண்ணன்."

உங்கள் முகத்தில் எவ்வளவு நிம்மதி. முள்கூட மிஞ்சவில்லை.

முதலில் கால் போனது. ஏழு மாதத்தில் நீங்கள். செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி வந்திருந்து எவ்வளவு சொன்னவர். மனிசன் கேக்கல்ல" என்று அழுதார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அதைத் துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போதும் ஞாயிறுகளில் உங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். உங்கள் மகள் பாகற்காயைக் கண்டு முகம் சுளித்தால் மதினி விடுவதில்லை. "சாப்பிடு புள்ள. சித்தப்பா சொன்னதக் கேட்டிருந்தா அப்பா இருந்திருப்பார்." அவள் என்னைப் பார்த்துவிட்டு ஒரு வாய் அள்ளிப் போடுகிறாள்.

நீங்கள் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தன. இப்போது எனக்கு மட்டும்.