அனுமதி இல்லை

மார்ச் 4, செவ்வாய்
மருந்தகத்துக்காரர்கள் தங்கள் ஃபோல்டரில் எதையோ கிறுக்கி வைக்க, அவர்களின் இணையப் பக்கம் காலையிலேயே படுத்துவிட்டது. மருத்துவமனை இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் திட்டு எனக்கு. மருத்துவமனையின் ஒவ்வொரு துறையும் தன் ஃபோல்டரில் ஒரு சின்ன விதிக் கோப்பு வைத்துக்கொள்ளலாம். அதை சர்வர் மதிக்குமா என்று முடிவு செய்யும் வரி மட்டும் என் கையில். இன்று அந்த அனுமதியை எல்லோருக்கும் சேர்த்து மூடிவிட்டேன். இனி எதுவானாலும் என்னிடம் வரட்டும்.

மார்ச் 6, வியாழன்
ரத்த வங்கி நர்ஸக்கா வந்தார். பழைய லிங்க்கைத் தொட்டால் புதுப் பக்கத்துக்குப் போகும்படி அவர் எழுதி வைத்திருந்த விதியும் செத்துவிட்டதாம். 'அனுமதி இல்லை' என்று வருகிறதாம். கொடையாளர்களுக்குத் தானாகப் போகும் செய்தியில் இருப்பது அந்தப் பழைய லிங்க்தான்.

"எங்க ஃபோல்டருக்கு மட்டும் திறந்து விடு தம்பி."

"உங்களுக்குத் திறந்தா எல்லாரும் வந்து நிப்பாங்கக்கா. மச்சினி கல்யாணம் முடிஞ்சு வந்து பாக்கறேன்."

"ஒரு வரிதானேப்பா?"

ஒரு வரிதான். ஆனாலும் பிகு பண்ணிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
கல்யாணம். போன் அறையிலேயே கிடந்தது.

மார்ச் 10, திங்கள்
அக்கா விடாமல் கூப்பிட்டிருக்கிறார். நேற்று எங்கள் லிஃப்டை இயக்கும் அண்ணனின் மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத ரத்த வகை. கொடையாளர்களுக்குச் செய்தி போயிருக்கிறது. எங்கே வரவேண்டும் என்று பார்க்க லிங்க்கைத் தொட்ட எல்லோருக்கும் — அனுமதி இல்லை. அக்கா ஒவ்வொருவராகப் போன் போட்டு ஆள் பிடிப்பதற்குள் —

குழந்தை இருக்கிறது. அவள் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்
அக்காவிடம் டாக்டர் சொன்னாராம்: "ரத்தம் நேரத்துக்கு வந்திருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது."

பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லையே?

ரத்த வங்கிக்குத் திறந்துவிட்டேன். உட்கார்ந்தேன், தட்டினேன், முடிந்தது. இவ்வளவுதானா? இதற்கா அப்படி முறுக்கிக்கொண்டேன்?

அக்காவிடம் சொன்னேன். "சரி" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்
லிஃப்ட் அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். லிஃப்டுக்குள் நாங்கள் இருவர் மட்டும். போனை நீட்டினார்.

"ரத்தம் குடுக்கப் பேர் பதிஞ்சிட்டேன் தம்பி. எம் பொண்ணுக்கு என்னுது சேரல. வேற யாருக்காவது ஆகட்டும்." திரையில் அந்த லிங்க்கைத் தொட்டுக் காட்டினார். "தொட்டதும் நேரா பக்கம் வருது. பேத்தியத் தோள்ல போட்டுக்கிட்டே பண்ணிட்டேன்னா பாத்துக்கோங்க. நீங்க பண்ணதா?"

"இல்லண்ணே. ரத்த வங்கி அக்கா பண்ணது."

"நல்லா இருக்கட்டும்" என்றபடி எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.