சாதனைக்கு முளைத்த கொம்பு

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் ஸ்கேலிடமிருந்து போன். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாக இருந்து ஸ்கேலால் மேசையைத் தட்டியே அந்தப் பட்டப்பெயர் வாங்கியவள், இருபத்தைந்து வருஷம் கழித்தும் தட்டுகிறாள். "நம்ம பேட்ச் வெள்ளிவிழா மலருக்கு எல்லாரும் ஃபாரம் அனுப்பிட்டாங்க, உன்னோடதுதான் பாக்கி. ரெண்டு வரிடி! எழுத முடியாதா?"

நான் அப்போது ஒரு கட்டடத்து மொட்டைமாடி லிஃப்ட் மெஷின் ரூமில், இரண்டு கையிலும் கிரீஸ். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 4

மேலாளர் கூப்பிட்டார். ஏரியா மேனேஜர் இடம் காலியாம். பதினாறு வருஷம் லிஃப்ட்டுக்குள் குனிந்தது போதும், ஆபீசுக்கு வாருங்கள் என்கிறார். சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு. அடுத்த வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பதினேழாம் தேதி முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். இந்த மனுஷனிடம் ஜன்னலைத் திறக்கவா மூடவா என்று கேட்டாலும் உன் இஷ்டம்தான்!

மார்ச் 5

அக்கா வந்தாள். ஐந்து மாடியும் படியேறித்தான். எங்கள் கட்டட லிஃப்ட்டை மாதாமாதம் பார்ப்பதே நான்தான், ஆனாலும் ஏற மாட்டாள். இரும்புப் பெட்டி, மூச்சு முட்டும், பயம். சோபாவில் விழுந்து, முட்டியைத் தேய்த்து, தண்ணீர் குடித்து, அப்புறம் கச்சேரி ஆரம்பம்.

"இன்னும் எத்தனை நாளைக்குடி ஸ்பானரத் தூக்கிட்டு அலைவ? நாப்பத்திமூணு வயசாச்சு. எப்பதான் செட்டில் ஆவ?"

செட்டில்! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால்—

"நான் என்ன வண்டலாக்கா, அடியில போய் செட்டில் ஆக?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். மகள் படிக்க ஒரு தனி மேசை போட இந்த வீட்டில் இடமில்லை.

மார்ச் 7

ஸ்கேல் இன்று மட்டும் நாலு முறை கூப்பிட்டாள். ஒரு கட்டட வாசலில் நின்றபடியே ஃபாரத்தை நிரப்பி அனுப்பித் தொலைத்தேன். விட்டது சனி. சோதனைகள் என்ற கடைசிக் கட்டம் ஒன்றுதான் உருப்படியான கேள்வி. அதை மட்டும் ஒழுங்காக எழுதினேன்.

மார்ச் 10

ஆபீசில் முதல் நாள். காலையில் மீட்டிங். மத்தியானம், காலை மீட்டிங்கைப் பற்றி மீட்டிங்.

மார்ச் 11

முதுகு வலி. நாற்காலியில் ஏழு விசை இருக்கிறது, ஒன்றும் உதவவில்லை.

மார்ச் 13

இன்றைக்கு என்ன வேலை செய்தாய் என்று மகள் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. ஆனால் நாலு பேர் மேடம் என்று எழுந்து நிற்கிறார்கள். பிடிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்வானேன்.

மார்ச் 14

அக்காவைப் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்ல ஐந்து மாடி ஏறி வந்திருக்கிறாள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

"லிஃப்ட்ல வாயேன்க்கா."

"இப்ப அதை யாரு பாக்கறா?"

"புது ஆள்."

"பின்ன?"

"நான் பாத்தப்ப மட்டும் ஏறினியா?"

"ஏறலாம்னு இருந்தேன்."



மார்ச் 15

மலர் வந்துவிட்டது. மானம் போச்சு.

அந்தக் கட்டத்தின் தலைப்பு சாதனைகள். சோதனைகள் இல்லை. ஒவ்வொரு லிஃப்ட்டின் அட்டையிலும் 'சோதனை' என்று எழுதி எழுதி, சாதனைக்கும் நானாகவே ஒரு இரட்டைக்கொம்பை முளைக்க வைத்துப் படித்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதியிருப்பது மூன்று மாடி வீடு, இரண்டு கிளினிக், சொந்தக் கம்பெனி. அவற்றுக்கு நடுவே நான்:

"மாதம் நாற்பத்திரண்டு லிஃப்ட். பிரேக், கயிறு, கதவு. பதினாறு வருஷத்தில் ஒருவர் விரல்கூட நசுங்கவில்லை. கையெழுத்துப் போடுமுன் நானே ஒருமுறை ஏறிப் போய் வருவேன்."

ஸ்கேலைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஏண்டி, அச்சுக்குப் போகுமுன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்க என்ன இருக்கு? மத்தவங்களோடதுல பிழைதான் பாத்தேன். உன்னோடதத்தான் படிச்சேன்."

சரியாகவே படித்திருந்தால் வேறு என்ன எழுதியிருப்பேன்? 'ஏரியா மேனேஜர்' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் பெயர்ப்பலகை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

மார்ச் 17

முடியாது என்று சொல்லிவிட்டேன். மேலாளருக்கு முகம் சிவந்தது. "மேனேஜர் வேலையவே வேண்டாங்கறீங்க. உங்களுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆமா சார். இரட்டைக்கொம்பு."

அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, வாசலுக்கு வரும்வரைதான். மகளின் மேசைக்கு இனி எங்கே போவேன்?

வீட்டுக்காரர் சொன்னது: "போன வாரம் மட்டும் டைனிங் டேபிள் காலை மூணு தடவை முடுக்கிட்ட. இனிமே அது பொழைச்சுக்கும்." ஆக, கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மார்ச் 19

நான் வேலையை வேண்டாம் என்றது தெரிந்ததிலிருந்து அக்கா போனை எடுக்கவில்லை. ஆறு தடவை. மலரில் என் பக்கத்தை மகள் போட்டோ எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள், அதற்கும் பதில் இல்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் எங்கள் கட்டட லிஃப்ட். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. மூன்றாவது மாடிக் கதவின் உருளையை மாற்றினேன்.

நாலு மணிக்குத் திரும்பினால் லிஃப்ட் முன்னால் அக்கா. திட்டப்போகிறாள் என்று தயாராக நின்றேன்.

"நீதான பாத்த?"

"காலையிலதான்."

"ஏறிப் போய் வந்தியா?"

"ரெண்டு தடவை."

உள்ளே வந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள், அப்பா, என்ன பிடி! ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது.

"வந்த வேலைய வேண்டாம்னவளுக்குப் புத்தியே இல்ல" என்றாள், கண்ணைத் திறக்காமல். "வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா."