தமிழ் போதுமா

தை 6, செவ்வாய்

பேய்க்காற்று. கடை முன்னால் தொங்கவிட்ட சேலைகளெல்லாம் பாலக்காட்டுக்கே பறந்துவிடும்போல. பொள்ளாச்சியிலிருந்து வேட்டிக்கட்டு இன்னும் வரவில்லை. மகள் ஜைனப்புக்குச் சிலேட்டுக் குச்சி.

மத்தியானம் பாலக்காட்டுக் கல்வி ஆபீசிலிருந்து ஒரு கிளார்க். சின்ன வயசு, மலையாளி, மரியாதையான ஆள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் படிப்பைப் பற்றி வீடு வீடாக அபிப்பிராயம் கேட்கவேண்டுமாம். கேட்கவேண்டியது ஒரே கேள்வி: "தமிழ் மதியோ?" இரண்டு பாஷையும் தெரிந்தவன் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நம்மிடமும் கேட்கிறார்களே என்று கொஞ்சம் பெருமை. சரி என்றேன்.

தை 7, புதன்

கடை பூட்டு. கவுண்டர் வீதி, செட்டியார் சந்து, வாய்க்கால் மேட்டு வீடுகள். எல்லா இடத்திலும் மோர். வயிறு கடமுடா.

மதி என்றால் போதும்தானே. "தமிழ் போதுமா?" என்றே கேட்டுக்கொண்டு போனேன். ஒருத்தர் விடாமல் போதாது என்றார்கள். கடலைக்காட்டு நாச்சக்காள் களத்தில் நின்றபடியே சொன்னது: "நாலாங்கிளாசோட நிறுத்திப்போட்டா எப்படிங்க ராவுத்தரே போதும்? போதாதுங்க. அஞ்சும் வெக்கச் சொல்லுங்க." கிளார்க் 'போதாது' என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

கண்மூடிய என் வீட்டுக்காரி ஆமினா ஞாபகமாகவே இருந்தது. ஜை.யின் சிலேட்டைப் பார்த்துத்தான் அவளும் எழுத்துப் படித்தாள், கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். துணிக்கட்டில் ஒட்டியிருக்கும் மில் சீட்டை எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை வாடிக்கைக்காரர் கையில் துணி போகாது. நான் கத்துவேன், அவள் காதில் விழாது. படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டாள்: "ஏனுங்க, அஞ்சாங்கிளாசு வந்துருமா?" வந்துவிடும் என்றேன். இன்றைக்கு ஊரே அவள் கேட்டதைக் கேட்டது. சந்தோஷமாகத் தூங்கப் போகிறேன்.

தை 8, வியாழன்

தலையில் இடி.

டீக்கடையில் கிளார்க்குக்கு வாயெல்லாம் பல். "ஜனங்ஙள்க்கு தமிழ் போரா, அல்லே ராவுத்தரே?" தமிழ் மட்டும் இருந்தால் பற்றாது, அதனால் மலையாளம் வைக்கலாம் என்று அர்த்தமாம். சித்திரை முதல் தமிழுக்குப் பதில் மலையாள வாத்தியார். தமிழ் சொல்லிக்கொடுக்கும் தாயம்மா டீச்சருக்கு வேலை இல்லை.

தமிழ் இன்னும் வேண்டும் என்று சொன்னவர்களைத் தமிழ் வேண்டாம் என்று சொன்னவர்களாக்கிவிட்டோமே. கேட்ட வாய் என் வாய். வெகுநேரம் வாதாடினேன். கிளார்க் கெட்டவர் இல்லை, முகம் சுண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்கள், இன்னொரு தடவை கேட்கிறேன் என்றார். ஆனால் ஆபீஸ் கொடுத்த கேள்வியை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அஞ்சாம் கிளாஸ் பற்றி எழுத இடமும் இல்லை.

டீச்சரிடம் சொல்லப் போனேன். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆமினா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட அதே ராகம். சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

தை 9, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மறுபடி வீடு வீடாக. போதும் என்று சொல்லுங்கள், போதாது என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பாதிப் பேருக்கு விளங்கவில்லை. அஞ்சாம் கிளாஸ் கேட்டதில் சர்க்காருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாச்சக்காளுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. "போதும்னு சொல்லிப்போட்டா, அப்புறம் எந்த மொகத்தோடங்க அஞ்சாங்கிளாசு கேக்கறது?"

மோர் கொடுத்தாள், சொம்பை அப்படியே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

வேட்டிக்கட்டு வந்தது. கரை சாயம் மட்டம்.

தை 11, ஞாயிறு

காற்று கொஞ்சம் அடங்கல். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. ஊர் முழுக்க வந்துவிட்டது, தாயம்மா டீச்சர் வாசற்படியில். ஜை.யும் அவள் கிளாஸ் பிள்ளைகளும் சுவரோரம். இந்தப் பங்குனியோடு அவளுக்கு நாலாம் கிளாஸ் முடிகிறது.

கிளார்க் கேட்டார். ஒவ்வொருவராக, போதுமுங்க, போதுமுங்க. நாச்சக்காள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளும் அதையே சொன்னாள். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளார்க்குக்கும் சந்தோஷம். உள்ளதே போதும், கூடுதல் கிளாஸ் எதுவும் தேவையில்லை என்று எழுதி அனுப்புவேன் என்றார்.

கடைசியில் நான். ஆமினா இருந்திருந்தால் போதாது என்றுதான் சொல்லியிருப்பாள், யார் என்ன சொன்னாலும்.

"ராவுத்தருக்கோ?"

ஜை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமுங்க" என்றேன்.