ஏழு மணி மேட்ச்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், எங்கள் சண்டையும் சௌக்கியம். அங்கே நீயும் உன் சமையலும் எப்படி என்று கேட்கவே பயமாக இருக்கிறது, இருந்தாலும் எழுது. அந்த ஞாயிற்றுக்கிழமை போன் மணி போய்க்கொண்டே இருந்ததே, ஏன் யாரும் எடுக்கவில்லை என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் நின்றதால் லைன் ரிப்பேர் என்று ஏதோ உளறி வைத்தேன். ரிப்பேரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, ஒயரைப் பிடுங்கி என் புடவை அடுக்குக்கு அடியில் ஒளித்து வைத்ததே நான்தான். முழுக்கச் சொல்கிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். தையல் கடையில் வெளிச்சம் போதவில்லையாம், நூலுக்குச் சாயம் சரியில்லையாம், ஊசியின் காதை இப்போதெல்லாம் சின்னதாகச் செய்கிறார்களாம், உலகத்தில் எல்லாவற்றிலும் கோளாறு, இவர் கண்ணைத் தவிர. ஹெட்மாஸ்டரின் கறுப்புப் பேண்டை நீல நூலில் தைத்துக் கொடுத்தார், அந்த நல்ல மனுஷர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு போனார், அது போகட்டும். போன மாதம் மெஷின் ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஒண்ணுமில்லடி, சும்மா ஒரு கீறல் என்கிறார். அன்றைக்கு நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், உனக்குச் சொல்லவில்லை. கண்ணும் போய்க் கையும் போனால் இவர் அந்தக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் எப்படி உட்காருவார் சொல்லு.

டிவி செத்துப்போனபோது நீ வந்து கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து அந்த டிவி ட்யூனர் கார்டைச் செருகி, கேபிள் ஒயரை அதன் முதுகில் மாட்டி, இனிமே இதுதாம்மா டிவி, உன் சீரியலையும் இதுலயே ரெக்கார்ட் பண்ணிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தாய் அல்லவா, நல்ல பிள்ளை, நீ சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை. அன்று மஞ்சள் சட்டைக்காரர்களுக்கும் வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கும் ஃபுட்பால். மேட்ச் நாலு மணிக்கு. ஆனால் பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் இப்போது அப்பாவுக்கு நான்தானே படித்துச் சொல்கிறேன், அதனால் ஏழு மணி என்று படித்தேன். அவர் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு முழு மேட்சையும் பார்த்தேன். அப்பாவின் மஞ்சள் ஜெயித்திருந்தால் வாயைத் திறக்காமல் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன், கடவுள் புண்ணியத்தில் மூன்றுக்கு இரண்டு, வெள்ளை ஜெயித்தது. உடனே போன் ஒயரைப் பிடுங்கினேன். நீ ஓட்டைவாய், மேட்ச் பார்த்தீங்களாப்பா என்றுதானே பேச்சையே ஆரம்பிப்பாய்.

ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தார். உங்க மஞ்சள் சட்டை இன்னைக்கு உதை வாங்கும் என்று கிளறிவிட்டேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளை ஜெயிச்சா நானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போறேன், மஞ்சள் ஜெயிச்சா நீ இனிமே கண்ணுங்கிற வார்த்தையே எடுக்கக்கூடாது என்றார். உன் அப்பா சொன்ன தேதிக்கு ஒருநாளும் துணி கொடுத்ததில்லை, ஆனால் பந்தயம் என்றால் தலையை அடகு வைத்தாவது நிற்பார். நான் ஓட விட்டேன். திரையின் கீழே ஒரு கோடு ரெக்கார்டிங் இது ரெக்கார்டிங் இது என்று சொல்லிக்கொண்டே நகர்கிறது. அது தெரிகிற கண்ணாக இருந்தால் ஆபரேஷனே வேண்டாமே. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை, இப்ப பாருங்க அந்த நெட்டையன் விழுவான் என்றேன், விழுந்தான். உனக்கெப்படித் தெரியும் என்றார். நடையைப் பார்த்தாலே தெரியுதே என்றேன். அதோடு நிறுத்தினேனா, இடைவேளையில் விளம்பரம் வந்ததும் சீரியல் பார்க்கிற பழக்கத்தில் கை தானாகப் போய் அம்புக்குறியை அழுத்திவிட்டது. அத்தனை விளம்பரமும் பறந்துபோய் ஆட்டக்காரர்கள் மறுபடி ஓடுகிறார்கள். என்னடி அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான் என்று நிமிர்ந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கதான் குறட்டை விட்டுட்டிருந்தீங்களே என்றேன். அப்படியா என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார், பாவம். கடைசி கோல் விழுந்ததும் போய்ப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் எனக்கு முன்னால் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

வலது கண் முடிந்தது. நல்லபடியாக இருக்கிறது. கட்டுப் பிரித்த அன்று என்னைப் பார்த்து, உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா என்றார், அதுதான் எனக்குக் கிடைத்த பரிசு. இப்போது பேப்பரை அவரே முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்து என் காதைத் தின்கிறார். அந்த ரெக்கார்டிங்கை நான் அழிக்க மறந்துவிட்டேன். நேற்று கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் இங்க வா என்று கூப்பிட்டார். போனால் மேட்சின் பெயருக்குப் பக்கத்தில் தேதியும் நாலு மணியும் பளிச்சென்று நிற்கிறது. திட்டவில்லை. திரையைப் பார்த்தபடியே, ஆபரேஷன் கத்தின்னாலே எனக்கு உதறும்டி, பயமா இருக்குன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது, பந்தயத்துல தோத்துட்டேன்னா ஒரு மாதிரி போயிடலாம்னு போனேன் என்றார். இத்தனை வருஷம் கூட இருந்தும் இதை நான் பிடிவாதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், பார். அப்புறம், இடது கண்ணுக்கும் தேதி வாங்கிடு, இந்த வாட்டி மேட்ச் எல்லாம் வேணாம், நீ உள்ள வந்து கையைப் பிடிச்சுக்க விடுவாங்களான்னு மட்டும் டாக்டரம்மாவைக் கேளு என்றார். இன்று காலையில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். விடுவார்களாம்.

நீ நூறு வயசு நன்றாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு, நேரத்தில் படு. நீ அனுப்பிய போட்டோவில் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருக்கிறது, பல் டாக்டரிடம் இந்த வாரமே போய்விட்டு எனக்கு எழுது. போகாவிட்டால் உன்னை எப்படிப் போக வைப்பது என்று எனக்குத் தெரியும், நீ உன் அப்பாவின் பிள்ளைதானே.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் திருட்டு அம்மா