எல் போர்டை இன்னும் கழற்றவில்லை

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிராங்கிளின் அண்ணனுக்கு,

தங்கை கிளாரா எழுதுகிறேன். நீ நல்ல சுகத்தோடு இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஓசூரில் உன் விலாசத்தையும் போன் நம்பரையும் உன் கூட்டாளி பாண்டியராஜ் அண்ணன் கொடுத்தார். போன வாரம் உனக்கு ஒரு போன் வந்து, யாரும் பேசாமல் வைத்தார்களே, அது நான்தான். உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. எழுதினால் கொஞ்சம் சொல்ல வரும்.

அம்மா மில்லுக்குப் போய்வருகிறாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தோட்டத்து முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது.

நான் இப்போது வீட்டில் இருப்பதில்லை. அப்பாவோடு லாரியில் போகிறேன். ஒச்சப்பன் அண்ணன் கிளீனர் வேலையை விட்டு நின்றுவிட்டார். வடமதுரைப் பாலத்தில் டிரெய்லரின் பின்பக்கம் சுவரை உரசியதும் இறங்கியவர், "அண்ணே, உங்க உப்பைத் தின்னவன், அதான் வெளியில சொல்லல. ஆனா எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு"ன்னு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாராம். பள்ளிக்கூடத்தை விட்டுச் சும்மாதானே இருக்கிறாய், வா என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. போர்டைப் படி, முன்னால் என்ன வண்டி சொல் என்று கேட்டுக்கொண்டே வந்தபோதுதான் புரிந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது அண்ணா. வலது கண்ணில் நடுவில் ஒன்றும் தெரியவில்லை. இடது கண்ணும் மங்குகிறது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தோட்ட வேலை என்று அப்பா சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டரம்மா என்னையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வேறு டிரைவர் போடலாமே என்று அம்மா அழுதாள். "அடுத்தவன் கையில குடுக்கவா சொந்த வண்டி எடுத்தேன்? எம் மகன் ஓட்டுறதுக்கு எடுத்தது"ன்னு கத்தினார். உன் பேரை மட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை வேடசந்தூர் பக்கம் இருட்டுகிற நேரம். டேங்கில் மூட்டை வைத்து ஒருத்தர் பைக்கில் போனார், பின்னால் ஓர் அம்மா. பைக்கில் பின்விளக்கு இல்லை. நான் பார்த்துவிட்டேன். சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. அப்புறம்தான் "அப்பா"ன்னு அலறினேன். அப்பா ஸ்டீயரிங்கை ஒடித்ததில் டிரெய்லர் வால் வீசியது. பைக் ரோட்டோரத்தில் சாய்ந்தது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அந்த அம்மா எழுந்து வந்து கேபின் கதவை அறைந்து, "ஏலே, கண்ண பொடனியிலயா வச்சிருக்க? மனுசி போறது தெரியல?"ன்னு திட்டினாள். அப்பா இறங்கிக் கும்பிட்டபடி நின்றார். "பிரேக் பிடிக்கலம்மா"ன்னு மட்டும் சொன்னார். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது.

அவர்கள் போனபிறகு அப்பா கேபினில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, "முன்னாடி உக்காந்திருந்த பிள்ளைக்கு அடி படலையேத்தா?"ன்னு கேட்டார். அது பிள்ளை இல்லை அண்ணா. செவ்வந்திப்பூ மூட்டை. அடி படவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. நீ டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது அது மடங்கிக் கம்பைச் சாய்த்தது. டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டர்கூட, "இன்னொரு நாள் வா தம்பி"ன்னுதான் சொன்னார். அத்தனை பேர் முன்னால் அப்பா கை நீட்டியது தப்பு. எல்லாரும் சிரித்தார்கள். நீ மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் பஸ் ஏறினாய். உன் நீலச் சட்டை கேபினில் மடித்தபடியே இருக்கிறது.

டிரெய்லருக்குப் பின்னால் நீ கட்டிய எல் போர்டும் இருக்கிறது. கழற்றிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, "இருக்கட்டும்"ன்னார். வண்டி கழுவும்போது முதலில் அதைத்தான் தடவிப் பார்த்துத் துடைக்கிறார். ஒட்டன்சத்திரத்தில் போலீஸ்காரர் நிறுத்தி, "யாருய்யா பழகுறது, இந்தப் பொண்ணா?"ன்னு சிரித்தார். அப்பா, "எம் மகன் பிராங்கிளின் சார். சோலியா ஊருக்குப் போயிருக்கான், வந்துருவான்"ன்னார். நீ போனபிறகு அவர் வாயில் உன் பேரைக் கேட்டது அன்றைக்குத்தான்.

உன் எல்.எல்.ஆர். அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் ஒரு தடவை வந்து டெஸ்டுக்கு நில். ஹெவி லைசென்ஸ் உன் கைக்கு வந்தால் அப்பா சாவியைக் கொடுத்துவிடுவார். வேறு யார் சொன்னாலும் கொடுக்க மாட்டார்.

பின்னால் எடுப்பதை நினைத்துப் பயப்படாதே. உனக்குச் சொல்லித்தரும்போது அவர் கத்தியே சொன்னார். தனியாக எடுக்கும்போது மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்: "எதிர்ப்பக்கம் ஒடி. பொறு. வால் திரும்பட்டும். இப்ப அது பின்னாடியே போ." தினமும் கேட்டு எனக்கு மனப்பாடம். விடியற்காலையில் மைதானத்துக்குப் போய்ப் பழகுவோம். அப்பா வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி சொல்கிறேன். எனக்குத்தான் கத்தத் தெரியாதே.

நாளைக்குத் தூத்துக்குடிக்குப் போகிறோம். கம்பி லோடு ஏற்றித் திரும்பும்போது இருட்டிவிடும். சத்தமாகக் கூப்பிட, வீட்டில் ஆளில்லாதபோது பழகிப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

மாதா உன்னைப் பத்திரமாக வழிநடத்தட்டும். பகல் பஸ்ஸிலேயே வா அண்ணா.

உன் அன்புத் தங்கை,
கிளாரா