மல்லாட்டைக் கொல்லையில் புதைத்த பெட்டி

தை, செவ்வாய் இரவு. திண்டிவனம்.

வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பதிவுசெய்ய நான் பலூனில் அனுப்பிய பெட்டி கண்டாச்சிபுரம் பக்கம் விழுந்திருந்தது. இன்று தேடிப் போனேன். மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை போட்ட கொல்லையில் சின்ன மண்மேடு. அதன்மேல் பால் தெளித்த ஈரம்.

“டிக் டிக்குனு துடிச்சிக்கினு இருந்திச்சிங்க. கையில எடுத்ததும் நின்னுடுச்சி. நம்ம கொல்லையில வந்து செத்தத அப்பிடியே வுட முடியுமாங்க?” என்றார் கொல்லைக்காரர். முறைப்படி அடக்கம் செய்து, இன்று காலையில் பாலும் தெளித்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது படச்சுருளை நகர்த்தும் கடிகாரம்தான் என்று சொல்லிவிட்டுத் தோண்டினேன். மண்வெட்டி பெட்டியில் இடித்தது. உடனே உள்ளே டிக் டிக்.

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, உசுரோடவா பொதைச்சிட்டோம்?”

சிக்கியிருந்த சக்கரம் இடித்த அதிர்வில் விடுபட்டிருக்கும் என்றேன். அந்த அம்மாள் கேட்கவில்லை. அழுதுகொண்டே பெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது மேஜைமேல் இருக்கிறது. பிரித்துப் படச்சுருளைக் கழுவினால்தான் கதிர்கள் விட்டுப்போன தடம் தெரியும். என் ஒரு வருஷ உழைப்பு அதற்குள் இருக்கிறது.

பிரிக்கலாம் என்று சற்றுமுன் கையில் எடுத்தேன். நின்றுவிட்டது.

திருப்புளியைத் தொட இன்னும் கை போகவில்லை.